மகள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைப் பாதியில் விடலாமா?

"மகள் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு, ப்ரீ-மெட். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் மிட்டெர்மில் 44, இரண்டாவதில் 49. வகுப்புச் சராசரி 62, 60. பாடத்தை விட்டுவிடுகிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ, பாதியில் விட்டால் மெடிக்கல் காலேஜ் கனவு போச்சு, எப்படியாவது பாஸ் பண்ணிவிடு என்கிறார். பாடத்தை விடுவதற்கான கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதை உறுதிப்படுத்த இரண்டு வேலைகள் செய்ய வேண்டும்: ஒரு கூட்டல் கணக்கு போட வேண்டும், அந்த இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தின் சிறு வகுப்புகளைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். இதே முகத்தோடு வந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் பேசியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

முதலில் அவள் அப்பா சொல்வதைப் பார்க்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் தமிழ்நாட்டில் படித்து வந்தவன். நமக்கெல்லாம் அரியர் என்பது ஒரு கணக்கு. விழுந்தால் அடுத்த முறை எழுதுவோம், கிளியர் ஆனால் விஷயம் முடிந்தது. கேம்பஸ் இன்டர்வியூவிலும் பெரும்பாலும் "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா" என்றுதான் கேட்பார்கள். பாஸா இல்லையா என்பதுதான் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், தாண்டாமல் பாதியில் எழுந்து வருவதுதான் அவமானம். இப்படி வளர்ந்தவர் "எப்படியாவது பாஸ் பண்ணு" என்று சொல்வது மகள் மீதுள்ள அக்கறைதான்.

ஆனால் அமெரிக்காவில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு பாஸ் என்பது கோடே இல்லை. அங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே எம்.டி.தான். பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். பள்ளிப் படிப்புக்குப் பிறகு எந்தக் கல்லூரியில் ஒரு பாடம் படித்திருந்தாலும் அந்தக் கல்லூரியின் ட்ரான்ஸ்கிரிப்ட் அங்கே போயாக வேண்டும். அவர்கள் எல்லாக் கிரேடுகளையும் தாங்களே மறுபடி கணக்குப் போடுவார்கள். மொத்த ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1), ஒன்று வரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் இந்த நான்கையும் மட்டும் சேர்த்து அறிவியல் ஜிபிஏ என்று தனியாக ஒன்றும் வரும். இந்த இரண்டாவது எண்ணை மிகவும் கூர்ந்து பார்ப்பார்கள்.

நம் வீடுகளில் தெரியாமல் போவது இன்னொன்று. ஒரு பாடத்தில் குறைந்த கிரேடு வாங்கிவிட்டு அதையே மறுபடி எடுத்தால், கல்லூரி தன் கணக்கில் பழையதை மறைத்துப் புதியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆம்காஸ் அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொள்ளும் சலுகை முன்பு இருந்தது, 2017-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அரியர் போல இது கிளியர் ஆவதில்லை. கூடவே தங்கிவிடுகிறது.

எண்களை வைத்தே காட்டுகிறேன். உங்கள் மகளின் முழு விவரம் என்னிடம் இல்லை, அதனால் ஒரு உத்தேசக் கணக்கு. முதல் ஆண்டில் அறிவியல் பாடங்கள் 16 கிரெடிட், ஜிபிஏ 3.5 என்று வைத்துக்கொள்வோம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 4 கிரெடிட். அதில் சி வாங்கினால் அறிவியல் ஜிபிஏ 3.2 ஆகிவிடும். டி வாங்கினால் 3.0. சி வாங்கிய பிறகு மறுபடி எடுத்து ஏ வாங்கினாலும் 3.33-க்குத்தான் ஏறும். இப்போது பாடத்தை விட்டுவிட்டு, அடுத்த முறை ஏ வாங்கினால் 3.6. அதே பெண், அதே உழைப்பு, கடைசியில் கிடைக்கும் ஏ கூட அதேதான். இடையில் அந்த ஒரு சி இருந்ததா இல்லையா என்பதில் கால் புள்ளிக்கு மேல் வித்தியாசம். 2023-ல் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி மொத்த ஜிபிஏ 3.77. அந்த வருடம் விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,500 பேர், சேர்ந்தவர்கள் 23,000-க்குச் சற்றுக் குறைவு. இந்த நெருக்கடியில் கால் புள்ளி சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல கல்லூரிகளில் சி வாங்கிய பாடத்தை மறுபடி எடுக்கவே விடமாட்டார்கள், பாஸ் ஆகிவிட்டாயே என்பார்கள். அப்போது "எப்படியாவது பாஸ்" என்பதே கையைக் கட்டிவிடும்.

பாதியில் விட்டால் ட்ரான்ஸ்கிரிப்டில் என்ன வரும்? இங்கே இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செமஸ்டர் தொடங்கி முதல் ஓரிரு வாரத்துக்குள் விட்டால் அது டிராப். எந்தத் தடமும் இருக்காது. அந்தக் காலம் உங்கள் மகளுக்குக் கடந்துவிட்டது. இப்போது அவள் செய்யப்போவது வித்ட்ராவல். பாடத்தின் பெயருக்கு எதிரே டபிள்யூ என்ற எழுத்து விழும். அது ஜிபிஏ-யில் சேராது, ஆனால் விண்ணப்பத்தில் தெரியும். ஒரே ஒரு டபிள்யூவுக்காக யாரும் கதவைச் சாத்துவதில்லை. இன்டர்வியூவில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். செமஸ்டருக்கு ஒன்று என்று வரிசையாக நின்றால்தான் "இந்தப் பிள்ளை சுமை ஏறினால் இறக்கி வைத்துவிடுமோ" என்ற சந்தேகம் வரும். கடைசித் தேதி விஷயத்தில் மட்டும் கவனம். சில இடங்களில் அதற்குப் பிறகு விட்டால் டபிள்யூவோடு எஃப்-பும் சேர்ந்து விழும். அதைக் கல்லூரி தோல்வியாக எண்ணினால் ஆம்காஸும் தோல்வியாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

சரி, இப்போது அந்தக் கூட்டல் கணக்கு. பாடத் திட்டத் தாளை, அதான் சிலபஸை, எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எதற்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். மிட்டெர்ம் ஒவ்வொன்றும் 25, வீட்டுப்பாடமும் குவிஸும் 10, ஃபைனல் 40 என்று வைப்போம். 44-க்கு 11 புள்ளி, 49-க்கு 12.25, குவிஸில் நன்றாகச் செய்து 8. மொத்தம் 31.25. பேராசிரியர் போன வருடம் பி கிரேடுக்கு வைத்த எல்லை 68 என்றால், ஃபைனலில் 40-க்கு 36.75 வாங்க வேண்டும். அதாவது 92 சதவீதம். சி-க்கு 55 என்றால் 59 சதவீதம் வேண்டும். ஃபைனல் முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்கும். 44-ம் 49-ம் வாங்கிய பிள்ளை 92-க்குத் தாவியதை நான் பார்த்ததில்லை. 60 வாங்க நன்றாகவே முடியும், ஆனால் அது போய் நிற்கும் இடம் சி. இந்தக் கணக்கைப் பேராசிரியரின் உண்மையான எல்லைகளோடு அவளே போட வேண்டும். எல்லை தெரியாவிட்டால் ஆபீஸ் அவர்ஸில் போய் நேரடியாகக் கேட்கலாம். "இந்த மதிப்பெண்ணோடு நான் எங்கே முடிப்பேன் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் ஒளிக்காமல் சொல்வார்கள்.

இதே இடத்தில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு பெற்றோர்களுக்கு இது தேவைப்படலாம். 44 என்ற எண்ணைப் பார்த்து பயப்படாதீர்கள், சராசரியைப் பாருங்கள். நம் ஊர்க் கண்ணுக்கு 52 என்றால் தலையில் கை வைக்கத் தோன்றும். ஆனால் சராசரி 50 இருக்கும் வகுப்பில் 52 வாங்கிய பிள்ளை பி மைனஸ் அல்லது பி-யில் நிற்கலாம். அந்தப் பிள்ளை முதல் தேர்வின் அதிர்ச்சியில் விட்டுவிட்டு ஓடுவது பெரிய தவறு. அப்படி ஓட நினைத்த எத்தனையோ பேரை நான் இருக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் நிலை அதுவல்ல. இரண்டு முறையும் சராசரிக்குப் பத்துப் புள்ளிக்கு மேல் கீழே.

அடுத்து விடைத்தாள். என்னைக் கேட்டால் கிரேடு கணக்கை விட இதுதான் முக்கியம். "கஷ்டமா இருக்கு" என்ற ஒரு வார்த்தைக்குள் மூன்று விதமான கஷ்டம் ஒளிந்திருக்கும். எது என்று தாளில் சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டெர்ட்-பியூட்டைல் புரோமைடுடன் சோடியம் மெத்தாக்சைடு சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு கேள்வி. ஒரு மாணவி எஸ்என்2 (ஒன்று பின்பக்கமாக நுழைந்து இன்னொன்றை வெளியே தள்ளும் வினை) என்று எழுதி, புரோமினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் மெத்தாக்சியை உட்கார வைத்திருந்தாள். அம்புக்குறிகள் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் அந்த நடுக் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில்கள் காவல் நிற்கின்றன, பின்பக்கமாக எதுவும் உள்ளே நுழைய முடியாது. மெத்தாக்சைடு வலிமையான காரம், அது வெளியே இருக்கும் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், இரட்டைப் பிணைப்பு உருவாகும். விடை ஈ2 என்ற நீக்க வினை. "ஏன் எஸ்என்2 என்று எழுதினாய்?" என்று கேட்டேன். "மெத்தாக்சைடு வந்தா எஸ்என்2-ன்னு அட்டையில எழுதி வச்சிருந்தேன்" என்றாள். இப்படி முந்நூறு மனப்பாட அட்டை எழுதியிருந்தாள். வாரத்துக்கு இருபது மணி நேரம் படித்திருந்தாள். அந்தக் கார்பனை மனதில் ஒரு பொருளாகத் திருப்பிப் பார்த்ததே இல்லை. சோம்பேறித்தனம் துளியும் கிடையாது, படித்த விதம்தான் தப்பு.

இந்த வகைக் கஷ்டம் என்றால், இப்போது விட்டுவிட்டு அடுத்த முறை எடுப்பது நல்ல பலன் தரும். ஆனால் அதே முந்நூறு அட்டையோடு மறுபடி போய் உட்கார்ந்தால் 49 மறுபடியும் 49-தான்.

இரண்டாவது வகையில் ஆர்கானிக்கே பிரச்சினையாக இருக்காது. அமிலம் எது, காரம் எது, அமிலத்தின் வலிமையைக் காட்டும் பிகேஏ எண் என்ன சொல்கிறது, எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும் என்ற முதல் ஆண்டுப் பாடத்தில் ஓட்டை இருக்கும். சிவப்பு மை எல்லாக் கேள்வியிலும் முதல் படியிலேயே விழுந்திருந்தால் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெனரல் கெமிஸ்ட்ரியில் பி வாங்கியிருந்தாலும் இந்த ஓட்டை இருக்கும். இதற்கு ஒரு மாதம் பின்னால் போய் அதை அடைத்துவிட்டு வர வேண்டும். செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் கிடைக்காது.

மூன்றாவது வகையில் தாளில் தெரிந்ததையே எழுதாமல் விட்டிருப்பாள், கடைசிப் பக்கம் காலியாக இருக்கும். வீட்டில் கேட்டால் சரியாகச் சொல்வாள். இங்கே கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு வேறு விஷயங்களை விசாரிக்க வேண்டும். தூங்குகிறாளா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகிறாள்? ஒரே செமஸ்டரில் ஆர்கானிக், பிசிக்ஸ், இரண்டு லேப், அப்புறம் ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனைத் தன்னார்வப் பணி என்று எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருக்கிறாளா? மனம் சரியில்லையா? கவனக் குறைபாடு இருந்து, பள்ளிக்கூடம் வரை புத்திசாலித்தனத்தால் சமாளித்துவிட்டு, இந்தப் பாடத்தில் வந்து முட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பரிசோதித்து உறுதியானால் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் பாடத்தை மட்டும் விட்டால் அடுத்த செமஸ்டர் வேறொரு பாடத்தில் இதே கதை வரும். அப்போதுதான் டபிள்யூக்கள் வரிசையாக நிற்கும்.

விடுவது என்று முடிவானால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விசாரிப்புகள். லேப் தனிப் பாடமாக இருந்தால் அதையும் சேர்த்து விட வேண்டுமா? ஆர்கானிக் முதல் பகுதி வசந்த செமஸ்டரிலும் உண்டா, இல்லை அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டுமா? காத்திருக்க வேண்டுமென்றால் பயோகெமிஸ்ட்ரி தள்ளிப்போகும், அதோடு எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும், விண்ணப்பமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதைக் கேட்டு அதிர வேண்டாம். இப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டிகிரிக்குப் பிறகு ஒரு வருடமாவது இடைவெளி விட்டுத்தான் சேர்கிறார்கள். கோடை வகுப்பில் எடுக்கலாம், ஆனால் பதினைந்து வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் ஓட்டுவார்கள். முதல் முறை தடுமாறிய பிள்ளைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது கிரெடிட் எண்ணிக்கை. பாடத்தை விட்ட பிறகு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் இருந்தால் முழுநேர மாணவியாகவே இருப்பாள். உதவித்தொகையில் படிப்பவர்கள், எடுத்த கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்காவது முடிக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. 16 எடுத்து 12 முடித்தால் 75 சதவீதம், பிரச்சினையில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால் மட்டும் மிகவும் ஜாக்கிரதை. 12-க்குக் கீழே போவதாக இருந்தால், விடுவதற்கு முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், பின்னால் போய்ச் சொன்னால் விசா நிலையே போய்விடும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4-ல் வளர்ந்து, 21 வயதுக்கு முன் எஃப்-1-க்கு மாறிய நம் பிள்ளைகள் நிறையப் பேர். மாறியதும் விதியும் மாறிவிட்டது என்பது பலருக்கு உறைப்பதில்லை.

அவள் அப்பாவின் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கும், வாய்விட்டுக் கேட்கமாட்டார்: இந்தக் கெமிஸ்ட்ரியே வராத பெண் எப்படி டாக்டர் ஆவாள்? ஆகலாம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987-லிருந்தே, கலை, இலக்கியம், சமூகவியல் போன்ற துறைகளில் படிக்கும் மாணவர்களில் ஒரு பகுதியினரை ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் எம்கேட்டும் இல்லாமலேயே சேர்த்துக்கொண்டு வந்தது. 2010-ல் வெளியான ஆய்வில், அவர்கள் மருத்துவப் படிப்பில் மற்றவர்களுக்கு இணையாகவே தேறினார்கள் என்று காட்டினார்கள். இதனால் ஆர்கானிக் தேவையில்லை என்று ஆகிவிடாது. உங்கள் மகள் விண்ணப்பிக்கப் போகும் பெரும்பாலான இடங்களில் பயோகெமிஸ்ட்ரியாவது கேட்பார்கள், அதற்கு இந்த அடித்தளம் வேண்டும். எம்கேட்டில் நேரடியான ஆர்கானிக் குறைவுதான். வேதியியல்-இயற்பியல் பகுதியில் சுமார் 15 சதவீதம், உயிரியல் பகுதியில் 5. ஆனால் பயோகெமிஸ்ட்ரி இந்த இரண்டு பகுதியிலும் சுமார் கால் பங்கு. ஆகவே இந்தப் பாடத்தை எப்படியாவது தாண்டுவதில் லாபம் இல்லை. புரிந்துகொண்டு தாண்ட வேண்டும், அதற்கு ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

இது எல்லாருக்குமே கஷ்டமான பாடம் என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். 2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் ஆர்கானிக் வகுப்பில் 350 பேரில் 82 பேர், மதிப்பெண் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை என்று மனு எழுதினார்கள். அவருடைய ஒப்பந்தத்தை பல்கலைக்கழகம் முடித்துக்கொண்டது, நாடு முழுக்க அது பேச்சானது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். அவ்வளவு நல்ல மாணவர்கள் சேரும் இடத்திலேயே இப்படி என்றால், உங்கள் மகளின் 49 அவளுடைய மூளையைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு இல்லை.

ஒரு யோசனை, இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். டபிள்யூ போட்ட பிறகும், பேராசிரியர் அனுமதித்தால் மிச்ச வகுப்புகளில் போய் உட்காரட்டும். கிரேடு பயம் இல்லாமல் அந்த நான்கைந்து வாரம் கேட்பது அடுத்த முறைக்குப் பெரிய பலம். மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அந்தக் குச்சியும் உருண்டையும். கையில் திருப்பிப் பார்த்தால் மூன்று மெத்தில் ஏன் வழியை மறிக்கிறது என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். அட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் கணக்குகளை முதலிலிருந்து போடட்டும், விடையைப் பார்க்காமல்.

கடைசியாக வீட்டுப் பேச்சு. முடிவை அவள்தான் எடுக்க வேண்டும், நீங்கள் இருவரும் கூட இருந்தால் போதும். இந்தப் பத்து நாளில் அவள் தனியாகத் தூங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். "விட்டால் அப்பா என்ன சொல்வார்" என்ற பயத்திலேயே தேதியைத் தாண்டவிட்டு, டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்று இரவே போன் செய்யுங்கள். மதிப்பெண் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். "விடைத்தாளை எடுத்துட்டு நாளைக்கு உன் புரொபசரைப் போய்ப் பாரும்மா, அட்வைசரையும் பாரு, என்ன முடிவு எடுத்தாலும் அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கடைசித் தேதி மாலை ஐந்து மணிக்கா, நள்ளிரவுக்கா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.